நான்-வோவன் பை துணிப்பையா?

தறிக்காரன்: கையில் ஒரு நான்-வோவன் பை, அதாவது நெய்யாமல் செய்த பை, இருக்கிறது. மேலே "துணிப்பை" என்று அச்சடித்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெடுக்கே ஓடும் பாவும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடையும் இல்லை. வரிசையாகப் பொடிப்பொடிப் புள்ளிகள்தான். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாக இழுத்துப் பரப்பி, சூடான உருளையில் அழுத்தி ஒட்டிய தடம் அது. இதைத் துணி என்று விற்பது ஏமாற்று வேலை.

பாலிமர்பித்தன்: பாவும் ஊடையும் இருந்தால்தான் துணி என்றால், நீங்கள் போட்டிருக்கிற பனியனும் துணி இல்லை சார். அது நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல். காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ 1589-லேயே செய்துவிட்டார்.

தறிக்காரன்: பின்னலுக்கும் நூல் வேண்டுமே! இதில் நூலே கிடையாது.

பாலிமர்பித்தன்: ஃபெல்ட்டில் எங்கே நூல்? கம்பளி ரோமத்தைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தேய்த்து அழுத்தினால், ரோமத்தின் மேலிருக்கும் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நூற்பும் இல்லை, நெசவும் இல்லை. மங்கோலிய மேய்ச்சல்காரர்கள் அதைப் போர்த்தித்தான் கூடாரமே போடுகிறார்கள்.

ஊசிமுனை: தையல்காரி சொல்கிறேன், கத்தரி வைத்தால் தெரிந்துவிடும். நெய்த துணியில் ஓரம் பிரியும், ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் போடாமல் விட முடியாது. கிராஸில், அதாவது மூலைவாட்டில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். பனியன் துணியில் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். நான்-வோவன் பிரியவும் பிரியாது, சுருளவும் சுருளாது. அதனால்தான் காலருக்குள் ஒட்டுவதற்கு அதையும் வைக்கிறோம். என்னைக் கேட்டால் அதுவும் துணிதான்.

தறிக்காரன்: அக்கா, காலருக்குள் இருப்பதை யாரும் பருத்தி என்று நினைத்து வாங்குவதில்லை. துணிப்பை என்றால் மக்கிவிடும் என்று நம்பி வாங்குகிறார்கள். இது மக்காது, வெயிலில் கிடந்தால் பொடியாக உதிரும். அந்தப் பொடியும் பிளாஸ்டிக்தான்.

பாலிமர்பித்தன்: அது மூலப்பொருளின் குற்றம். பாலியஸ்டரைத் தறியில் நெய்தால் மட்டும் மக்கிவிடுமா? எதில் செய்தது என்பது வேறு, எப்படிச் செய்தது என்பது வேறு. சாட்டின் என்றதும் பட்டு என்று நினைக்கிறார்களே, அதே குழப்பம்தான். சாட்டின் ஒரு நெசவு முறை. பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் நடு அடுக்கும் நான்-வோவன்தான். மின்னேற்றம் கொடுத்த அந்த நுண்ணிழை வடிகட்டுகிற அளவுக்குச் சாதாரணப் பருத்தித் துணி வடிகட்டாது.

ஊசிமுனை: சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது சுருங்கி உருகி, ஆறியதும் மணி மாதிரி இறுகும். சொட்டு கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தறிக்காரன்: வாங்குகிறவர் ஒவ்வொருவரும் தீப்பெட்டியோடா போவார்? "பாலிப்ரோப்பிலீன்" என்று பையிலேயே பெரிதாகப் போடட்டும்.

பாலிமர்பித்தன்: தாராளமாகப் போடட்டும். தறியில் நெய்த பாலியஸ்டருக்கும் அதே விதிதானே?