அலுவலகத்தில் ஒதுக்கீடு பற்றிய பேச்சு: எப்படிப் பதில் சொல்வது?

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு எழுதி, பழங்குடியினர் பிரிவில் ஒரு பெண் இளநிலை உதவியாளராக வந்திருக்கிறார். அவர் எழுதும் கோப்பில் திருத்த ஒன்றுமே இருக்காது. ஆனாலும் டீ நேரத்தில் அவர் காதுபடவே "கோட்டாவில் வந்தவங்க" என்கிறார்கள். போன வாரம் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் வாய் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்படிப் பேசுபவர்களில் பெரும்பாலோரும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள்தான். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30 (முஸ்லிம்களுக்கான 3.5 சேர்த்து), மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அதாவது 200 புள்ளி இனச்சுழற்சியில் (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல்) பழங்குடியினருக்கு இரண்டே இடம். வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எனப் பழங்குடியினர் வாழும் நீலகிரியிலேயே இந்தப் பேச்சு என்பதுதான் வேதனை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் அலுவலகத்தில் இப்படிப் பேச்சு வந்தபோது சண்டையாகாமல் எப்படி எடுத்துச் சொன்னீர்கள்? இனச்சுழற்சியை எளிமையாக விளக்கும் தமிழ்க் குறிப்பு யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், பழங்குடியினர் பிரிவில் வேலைக்கு வந்தவர்கள் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணிடம் கேட்காமலே அவருக்காக நான் பேசலாமா? பக்கத்து மேசைக்காரர் என்ன செய்திருந்தால் உங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும்? பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.