பத்மினியில் கேசட் டெக்: பாட்டு இழுக்குது, டேப்பைத் தின்னுது, என்ஜின் சத்தம் வேற

காலம்கியர்

1979 பத்மினி கார், இன்னும் ஆல்டர்னேட்டர் இல்லாத பழைய டைனமோதான். டின்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் முடிந்து வண்டி ஓடுகிறது. பாட்டு மட்டும் பாக்கி. புது செட் போட மனமில்லை. எக்கோ கம்பெனி ஒரிஜினல்கள், ரெகார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த டிடிகே, மெல்ட்ராக் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய எண்பதுகளின் இளையராஜா இருக்கிறது. நடுநடுவே போனி எம், ஆபா. இதற்காகவே ஆட்டோ ரிவர்ஸ் இல்லாத பழைய டெக் ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டு, பின் ஷெல்ஃபில் 6×9 ஓவல் ஸ்பீக்கர் இரண்டு போட்டிருக்கிறேன்.

இப்போதைய கோளாறுகள்: பாட்டு இழுக்கிறது, குரல் அலைகிறது. இரண்டு கேசட்டில் டேப்பைத் தின்றுவிட்டது. இடது பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறது. என்ஜின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ஒரு 'ங்ஙொய்', கூடவே ஒரு 'டிக்டிக்'. சில கேசட்டுகளில் சுருளின் மேல் வெள்ளைப் பூசணம். எங்கிருந்து ஆரம்பிப்பது? டெக்கையே மாற்றிவிடலாமா?

---

நாடாப்புழு

டெக்கை மாற்றாதீர்கள். முதலில் அந்தப் பூசணக் கேசட்டுகளை டெக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவை ஓட்டினாலும் தூள், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்குப் போய்ச் சேரும்.

பூசணம் பிடித்தவற்றை சிலிகா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். ஈரம் போனால்தான் பூசணம் தூளாக உதிரும். ஈரத்தோடு துடைத்தால் டேப்பில் அப்பிக்கொள்ளும். பிறகு வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய டேப்ரெக்கார்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, வேகமாகச் சுற்றும்போது டேப்பை பஞ்சு உதிராத மெல்லிய துணி மடிப்புக்கு நடுவே ஓடவிடுங்கள். லேசாகப் பிடித்தால் போதும், அழுத்தினால் டேப் நீளும். துணியை இடம் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை. இதை மொட்டை மாடியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. டேப்பை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. அது பசை கசியும் சில ஸ்பூல் டேப்புகளுக்கான வைத்தியம். கேசட்டுக்குச் செய்தால் ஓடுதான் வளையும், பூசணம் போகாது.

ஓடு ஐந்து ஸ்க்ரூ போட்டதென்றால் வேலை சுலபம். ஒட்டின ஓடு என்றால் விளிம்புக் கோட்டில் மெல்லிய கத்தியை வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்க வேண்டும். உள்ளே இருப்பதை ஒரு ஸ்க்ரூ ஓட்டுக்கு மாற்றிவிடுங்கள். திறக்கும்போது படுக்கை வசமாகத் திறந்து, எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வழுக்குத் தாள்கள், மூலை உருளைகள், நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சுத் திண்டு. அந்தத் திண்டு உதிர்ந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது. பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகும். எண்பதுகளின் கேசட்டில் ஒலி மங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஏதாவது செத்த கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்துப் போடலாம்.

அறுந்த டேப்புக்கு செலோ டேப் வேண்டவே வேண்டாம். வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிவிடும். கேசட்டுக்கென்றே உள்ள 3.81 மி.மீ. ஸ்ப்ளைசிங் டேப் வாங்கி, இரு முனையையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி, இடைவெளியோ மேலேறலோ இல்லாமல் சேர்த்து, பின்பக்கத்தில் ஒட்டுங்கள். பின்பக்கம் என்றால் பஞ்சுத் திண்டு படும் பக்கம். ஹெட் படும் பக்கத்தில் ஒட்டினால் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒலி விழும்.

---

ஈயப்பற்று

நாடாப்புழு சொன்ன வரிசைதான் சரி. கேசட் சுத்தமான பிறகு டெக்குக்கு வாருங்கள்.

இழுப்பதும் தின்பதும் பெரும்பாலும் ரப்பர் சம்பந்தப்பட்டவை. மூடியைத் திறந்தால் பெல்ட் நீண்டு தொங்கும், அல்லது உருகித் தார்போல் கப்பியில் ஒட்டியிருக்கும். அந்தத் தாரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் முழுக்க எடுக்க வேண்டும். ஒரு பொட்டு மிஞ்சினாலும் ஒவ்வொரு சுற்றிலும் குரல் நடுங்கும். பிளாஸ்டிக் கப்பியில் தின்னரோ அசிட்டோனோ பட்டுவிடக்கூடாது. புது பெல்ட்டின் அளவுக்கு, பழைய பெல்ட் போன வழியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதிலிருந்து 5 சதவீதம் கழியுங்கள். அதைவிடச் சின்னதாகப் போட்டால் மோட்டார் புஷ் தேயும். ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளிக்கும் வித்தை சமையலறையோடு நிற்கட்டும். அதன் தடிமன் சீராக இருக்காது, வீணை ஒலி வயலின் ஆகிவிடும்.

தின்பதற்குக் காரணம் வேறு. கேப்ஸ்டனும் (மோட்டார் சுழற்றும் மெல்லிய இரும்புத் தண்டு) பிஞ்ச் ரோலரும் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாங்கிச் சுற்ற வேண்டிய வலது ஸ்பிண்டில் நின்றால் டேப் போக இடமில்லாமல் ரோலரில் சுற்றிக்கொள்ளும். கேசட் இல்லாமல் ப்ளே நிலையில் ஓடவிட்டு (கேசட் உள்ளே போனதாக லீவரை ஏமாற்ற வேண்டியிருக்கும்) வலது ஸ்பிண்டிலை விரலால் பிடித்துப் பாருங்கள். விரலை மெல்ல இழுக்க வேண்டும், கெட்டியாகப் பிடித்தால் வழுக்க வேண்டும். தொட்டதும் நின்றால், ஸ்பிண்டிலைச் சுழற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. நைஸ் எமரி பேப்பரால் லேசாகச் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டில் துடைத்தால் கொஞ்ச காலம் ஓடும், நிரந்தரத் தீர்வு புது ரப்பர்தான். பிஞ்ச் ரோலர் கண்ணாடிபோல் பளபளத்தாலோ நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கேப்ஸ்டன் புஷ்ஷுக்கு ஒரே ஒரு துளி மெஷின் ஆயில். இரண்டாவது துளி ரோலருக்குப் போய்விடும்.

வேகம் சரிபார்க்க டெஸ்ட் கேசட் கிடைத்தால் நல்லது: 3000 அல்லது 3150 ஹெர்ட்ஸ் தொனி, போனில் ஒரு ஃப்ரீக்வென்சி ஆப். இல்லையென்றால் 5 நிமிடப் பாட்டு ஒன்றை டிஜிட்டல் பதிவோடு ஒப்பிட்டு நேரம் பாருங்கள். 300 விநாடியில் 3 விநாடி வித்தியாசம் என்றால் 1 சதவீதம். 6 சதவீதம் என்றால் அரை சுரமே இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே கேசட்டை நம்பாதீர்கள், ரெகார்டிங் சென்டர் மெஷினே தப்பாக ஓடியிருக்கலாம். வேறு வேறு கம்பெனி ஒரிஜினல்கள் மூன்று நான்கை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான மோட்டார்களின் பின்புறத்தில் சின்னத் துளை இருக்கும்; உள்ளே வேகத்துக்கான திருகு. பெல்ட் மாற்றி, பத்து நிமிடம் சூடேறவிட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

இடது பக்கத்துக்கு முதலில் டெக்கின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் மாற்றிக் கொடுங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்குப் போனால் டெக்கில், போகாவிட்டால் ஸ்பீக்கரிலோ வயரிலோ. டெக்கில் என்றால் ரேடியோ போட்டுப் பாருங்கள். ரேடியோவில் இரண்டு பக்கமும் வந்தால் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய வயர் உள்ளே அறுந்திருக்கும். ரேடியோவிலும் விட்டுவிட்டு வந்தால் வால்யூம் கன்ட்ரோல்; கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பவும். மூடி திறந்திருக்கும்போதே சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். பழையது 16 வோல்ட் என்றிருக்கும், ஓடும் வண்டியில் 14.4 வோல்ட் வருகிறது. அதே மைக்ரோஃபாரட்டில் 25 வோல்ட், 105 டிகிரி ரகம் போடுங்கள்.

முக்கியமான ஒன்று. ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்யும் முன், டெக் ஆஃபில் இருக்கும்போது அந்த மைனஸுக்கும் டெக்கின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நேரடித் தொடர்பு காட்டினால் பிரச்சினை இல்லை. காட்டாவிட்டால் அது பிரிட்ஜ் அவுட்புட். இரண்டு வயரிலும் சப்ளையில் பாதி வோல்ட் நிற்கும். பழைய கார் வயரிங்கில் ஸ்பீக்கருக்கு ஒற்றை வயர்தான் போயிருக்கும், மறுமுனை பாடி. அப்படிப்பட்ட வயரிங்கில் பிரிட்ஜ் டெக்கை மாட்டினால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஐசி அங்கேயே போய்விடும்.

---

டைனமோ_கட்டவுட்

சத்தத்துக்கு நான் சொல்றேன். ரெண்டும் வேற வேற வியாதி. ங்ஙொய்னு ஏறுறது டைனமோ, டிக்டிக் இக்னிஷன்.

மொதல்ல எர்த். டெக் பாடியிலேர்ந்து தனி வயர் இழுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னாடி பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, பல்லு வாஷர் போட்டு முறுக்குங்க. புது பெயின்ட் அடிச்ச வண்டியில பாதி எர்த் பெயின்ட் மேலதான் உக்காந்திருக்கும். சத்தத்துல பாதி இங்கயே போயிடும். பிளஸ் வயர்ல 3 ஆம்பியர் ஃப்யூஸ், அப்புறம் சத்தத்தை வடிகட்டுற 5 ஆம்பியர் சோக் காயில் ஒண்ணு, டெக்குக்குப் பக்கத்துலயே இருக்கணும்.

டைனமோவுக்கு 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர், அதாவது சத்தத்தை அடக்குற கெப்பாசிட்டர். தடி வயர் போற டெர்மினல்ல ஒரு கால், டைனமோ பாடியில இன்னொண்ணு. சின்ன வயர் போற ஃபீல்டு டெர்மினல்ல மட்டும் போட்டுடாதீங்க சார், டைனமோ சார்ஜிங்கைக் கட்டுப்படுத்துற கட்டவுட் பெட்டியில பாயின்ட் கருகிடும்.

இக்னிஷனுக்கு அதே மாதிரி ஒண்ணு, காயில்ல சாவியிலேர்ந்து வர்ற பக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற பக்கம் கூடவே கூடாது. அங்க ஏற்கெனவே ஒரு கண்டென்சர் இருக்கு, கணக்குப் பண்ணி வெச்சது. கூட ஒண்ணு சேர்த்தா ஸ்பார்க் மெலிஞ்சிடும், பாயின்ட்ல மேடு பள்ளம் விழும், வண்டி மிஸ்ஃபயர் அடிக்கும். அப்புறம் கார்புரேட்டரைக் கழட்டிக்கிட்டு உக்காருவாங்க! அதுக்கும் போகலன்னா 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெச்ச பிளக் கேப் போடுங்க.

வால்யூமை ஜீரோ பண்ணியும் சத்தம் வந்தா அது பவர் லைன் வழியா வருது. ஜீரோ பண்ணினா சத்தமும் போகுதுன்னா ஹெட் வயர் இல்ல ஏரியல் வழியா வருது, சோக் போட்டுப் பிரயோஜனமில்ல.

ராத்திரி டிராஃபிக்ல ஐட்லிங்ல நிக்கும்போது டைனமோ ஒண்ணும் குடுக்காது. ரெண்டு ஹெட்லைட் மட்டும் ஏழெட்டு ஆம்பியர், டெக் சத்தமா பாடினா இன்னும் ரெண்டு. எல்லாம் பேட்டரியிலேர்ந்துதான். சிக்னல்ல பாட்டு இழுத்தா டெக்கைக் கழட்டாதீங்க, டெக் டெர்மினல்ல வோல்ட் பாருங்க.

---

ஹசார்ட்லைட்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? கேசட் வடிவத்தில் வரும் ப்ளூடூத் அடாப்டர் போட்டால் பழைய டெக், புதுப் பாட்டு. இல்லையென்றால் டாஷ்போர்டில் டின் (DIN) சைஸில், அதாவது புது கார் செட்டுகளின் பொது அளவில், ஒரு ஓட்டை வெட்டி புது செட் வைத்துவிடலாமே.

---

ஈயப்பற்று

அடாப்டர் தற்காலிகத்துக்கு ஓகே. உள்ளே பல்சக்கரம் கரகரக்கும், ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் பக்கம் மாறி மாறிக் குதிக்கும். பிஞ்ச் ரோலர் தேய்வதும் நிற்காது.

வெட்டுவது மட்டும் வேண்டாம். பத்மினிக்கு நல்ல டாஷ்போர்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால் தரையில் நடுவே இடம் காலி. டாஷ்போர்டுக்குக் கீழே பிராக்கெட் போட்டால் யாருக்கும் இடையூறில்லை, நடு சீட்டில் உட்காருபவர் முழங்காலைத் தவிர. ஆனால் டெக்கின் பின்பக்கத்தையும் ஒரு இரும்புப் பட்டையால் தாங்க வேண்டும். முன்னால் மட்டும் பிடித்துத் தொங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டு நடுங்கும். அதைப் பெல்ட் கோளாறு என்று நினைத்துப் பலர் மறுபடி மூடியைத் திறக்கிறார்கள்.

---

காலம்கியர்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். எர்த் உண்மையிலேயே பெயின்ட் மேல்தான் இருந்தது, சுரண்டியதும் 'ங்ஙொய்' பாதியாகிவிட்டது. பெல்ட் ஆர்டர் போட்டாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி. சில கேசட்டில் மட்டும் சலங்கை, ஹை-ஹாட் எல்லாம் மங்கலாகக் கேட்கிறது, பஞ்சுத் திண்டு சரியாகத்தான் இருக்கிறது. பிறகு, ராஜாவின் பேஸ் கிடார் ஷெல்ஃப் ஸ்பீக்கரில் ஏன் இவ்வளவு ஒல்லியாக வருகிறது?

---

நாடாப்புழு

மங்கலுக்குக் காரணம் அஸிமத். பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் உங்கள் ஹெட் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் உள்ள ஸ்க்ரூவை மட்டும் எட்டில் ஒரு சுற்று, எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, சலங்கை தெளியும் இடத்தில் நிறுத்தி, நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துப் பூட்டுங்கள். இதைக் கம்பெனி ஒரிஜினல் கேசட்டை வைத்துத்தான் செய்ய வேண்டும். ரெகார்டிங் சென்டர் கேசட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு, அதற்கெல்லாம் காரில் திருகிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ மரை தேய்ந்துவிடும். அவற்றை வீட்டு டெக்கில் தனித்தனியாகச் சாய்வு பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றி, புது சி-60 (60 நிமிட) கேசட்டில் பதிந்து காருக்கு எடுத்துப்போங்கள். சி-90 பரவாயில்லை. சி-120 வேண்டாம், டேப் சுமார் 9 மைக்ரான்தான். பழைய டெக்கில் நீளும், சுருளும்.

பேஸ் ஒல்லியானதற்கு ஷெல்ஃப் அட்டைதான் காரணம். ஸ்பீக்கரோடு சேர்ந்து அட்டையும் அதிர்கிறது. அட்டைக்குக் கீழே முழு நீளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் கொடுத்து, ஸ்பீக்கரை அந்தப் பிளைவுட்டில் முறுக்குங்கள். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைத்தால் டிக்கியே பெட்டியாகிவிடும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஃபேஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரியை வயரில் ஒரு கணம் தொட்டால் இரண்டு கோனும் ஒரே பக்கமாக நகர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் ஒரு ஸ்பீக்கரின் வயரை மாற்றிப் போடுங்கள். பிளைவுட் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.