லேபில் வெப் ஃபில்டர் குழப்பம்: மாடியில் யூடியூப் திறக்கிறது, கீழே என்பிடெல் பாடம்கூட ஓடவில்லை

யானைமலை அடிவாரம்:

வணக்கம். ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் போகும் வழியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டு வைத்த அமைப்புதான் இன்னும் ஓடுகிறது. ஃபயர்வால் (உள்ளே வரும், வெளியே போகும் டிராஃபிக்கைக் காவல் காக்கும் கருவி) ஃபோர்டிகேட் 100எஃப், ஃபர்ம்வேர் 7.0. கீழ்த்தளத்தில் பழைய லேப், 38 சிஸ்டம், விலான் 20 (நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி). மாடியில் போன வருடம் திறந்த புது லேப், 22 சிஸ்டம், விலான் 21. இரண்டு விலானும் 'லேப்' என்ற ஒரே சோனில் (ஃபயர்வாலில் சேர்த்து வைத்த தொகுப்பு) இருக்கின்றன.

லேபுக்கென்று ஒரு பாலிசி (யார் எங்கே போகலாம் என்ற விதி) இருக்கிறது, ஐடி 4. அதில் வெப் ஃபில்டர் ப்ரொஃபைல் மாட்டியிருக்கிறது. ஸ்ட்ரீமிங், கேம்ஸ், ப்ராக்ஸி தளங்கள் எல்லாம் பிளாக். எஸ்எஸ்எல் பக்கம் சர்டிஃபிகேட் இன்ஸ்பெக்‌ஷன் (எந்தத் தளம் என்ற பெயரைப் பார்ப்பது) மட்டும்தான், டீப் இன்ஸ்பெக்‌ஷன் (என்க்ரிப்ட் ஆன டிராஃபிக்கைப் பிரித்து உள்ளே பார்ப்பது) கிடையாது.

பிரச்சினை இதுதான். மாடி லேபில் யூடியூப் தாராளமாகத் திறக்கிறது, பிராக்டிகல் நேரத்தில் பசங்க பாட்டு போட்டுப் பார்க்கிறார்கள் என்று துறைத்தலைவர் எழுதியே கொடுத்துவிட்டார். கீழ் லேபில் பயர்பாக்ஸில் சரியாக பிளாக் ஆகிறது, ஆனால் அதே சிஸ்டத்தில் குரோமில் போட்டால் சில நேரம் திறந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், கீழ் லேபில் பயர்பாக்ஸ் வைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் ஆன்லைன் பாடத் தளம்) பக்கம் வருகிறது, வீடியோ இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மாடியில் அதே பாடம் அருமையாக ஓடுகிறது, அதனால் 'மாடி லேபில் நெட் நல்லா இருக்கு, கீழே சரியில்லை' என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நான் செய்து பார்த்தது: லைசென்ஸ் இருக்கிறது, ஃபோர்டிகார்ட் (தளங்களை வகை பிரித்துச் சொல்லும் சேவை) ரேட்டிங் வருகிறது. யூஆர்எல் ஃபில்டரில் என்பிடெல் முகவரியை 'அலவ்' என்று சேர்த்தேன், பலனில்லை. யூடியூபை 'எக்ஸெம்ப்ட்' போட்டேன், உடனே எல்லாமே திறந்துகொண்டது, பதறிப்போய் எடுத்துவிட்டேன். ப்ரொஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாமா என்று யோசிக்கிறேன். வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கு அசைன்மென்ட் கெடு இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி சொல்லுங்கள்.

திருமங்கலம் நெட்வொர்க்:

தம்பி, ப்ரொஃபைலைத் தொடாதீர்கள். அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் இப்போது இருக்கிற தடயமும் போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: மாடி லேபில் எதுவுமே தடைபடவில்லை. அதை 'நன்றாக வேலை செய்கிற லேப்' என்று நினைக்காதீர்கள். ஃபில்டரே இல்லாத வழியாக அது வெளியே போகிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஃபோர்டிகேட் பாலிசிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும், பொருந்துகிற முதல் பாலிசியோடு நின்றுவிடும். வெப் ஃபில்டர் என்பது பாலிசியில் தொங்குகிற ஒரு பை மாதிரி. அந்தப் பாலிசிக்குள் டிராஃபிக் வரவே இல்லை என்றால் பைக்குள் என்ன போட்டு வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் இப்போது இரண்டே வேலை. மாடியில் ஒரு சிஸ்டத்தில் யூடியூபைத் திறந்துவிட்டு, ஃபார்வர்டு டிராஃபிக் லாகில் அந்த சிஸ்டத்தின் ஐபியைப் போட்டுத் தேடி, பாலிசி ஐடி நெடுவரிசையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பாலிசிக்கு லாக் ஆஃப் ஆகியிருந்தால் பாலிசி பக்கத்திலேயே 'பாலிசி லுக்அப்' இருக்கிறது, சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன், போர்ட் கொடுத்தால் எந்தப் பாலிசி பிடிக்கும் என்று அதுவே காட்டும். அப்புறம் கீழ் லேபில் குரோமில் திறக்கும்போது சர்வீஸ் நெடுவரிசையைப் பாருங்கள். டிசிபி 443 இருக்கிறதா, யூடிபி 443 இருக்கிறதா (டேட்டா போகிற இரண்டு வேறு முறைகள்) என்று சொல்லுங்கள்.

யானைமலை அடிவாரம்:

அண்ணே, பார்த்துவிட்டேன். மாடி சிஸ்டம் எல்லாமே பாலிசி 12 வழியாகப் போகிறது. அது ஊழியர்களுக்காகப் போட்ட பொதுப் பாலிசி, வெப் ஃபில்டர் கிடையாது. சோர்ஸ் இன்டர்ஃபேஸில் லேப் சோனும் இருக்கிறது, சோர்ஸ் அட்ரஸ் 'ஆல்'. பாலிசி 4-ல் சோன் சரியாக இருக்கிறது, ஆனால் சோர்ஸ் அட்ரஸாக இருக்கிற ஆப்ஜெக்ட் 10.10.20.0/24 (10.10.20 என்று தொடங்கும் கீழ் லேப் ஐபிகள்) மட்டும். மாடி லேப் 10.10.21.0/24. புது லேப் திறந்தபோது சோனில் சேர்த்தவர்கள் இந்த ஆப்ஜெக்டில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு வருடமாக 22 சிஸ்டம் எந்தக் காவலும் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

கீழ் லேப் குரோம்: பாலிசி 4 தான், ஆனால் நீங்கள் சொன்ன மாதிரியே யூடிபி 443. அதற்கு வெப் ஃபில்டர் லாகில் ஒரு வரிகூட இல்லை.

திருமங்கலம் நெட்வொர்க்:

சரி, இரண்டும் பிடிபட்டுவிட்டது.

முதலாவதுக்கு, 10.10.21.0/24 என்று தனி ஆப்ஜெக்ட் உருவாக்கி, இரண்டையும் ஒரு அட்ரஸ் குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்பை பாலிசி 4-ல் வையுங்கள். அதோடு நிற்காமல் பாலிசி 12-ன் சோர்ஸ் இன்டர்ஃபேஸில் இருந்து லேப் சோனை எடுத்துவிடுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நாளைக்கு மூன்றாவது லேப் வந்து, அதையும் குரூப்பில் சேர்க்க யாராவது மறந்துவிட்டால், அந்த லேபுக்கு நெட் சுத்தமாக வராது, உடனே உங்களுக்கு போன் வரும். இப்போது நடந்த மாதிரி ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் திறந்து கிடக்காது.

இரண்டாவது குவிக் (பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் புதிய முறை). வெப் என்றால் டிசிபி என்றுதான் பல வருடம் பழகியிருக்கிறோம். குவிக் யூடிபி மேல் ஓடுகிறது. 2021-ல் அது ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 9000 ஆக வந்தது, அதன் மேல் ஓடும் எச்டிடிபி 3 அடுத்த வருடம் 9114 ஆக வந்தது. கூகுள் தளங்களுக்கு குரோம் முடிந்தவரை குவிக்கில்தான் போகப் பார்க்கும், முடியாவிட்டால் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடும். உங்கள் 7.0-ல் இருக்கிற வெப் ஃபில்டர் டிசிபி பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, புதிய பதிப்புகளில்தான் எச்டிடிபி 3-ஐயும் சோதிக்கிற வசதி வந்தது. 'சில நேரம் திறக்கிறது' என்று நீங்கள் சொன்னது, குவிக்கில் போன நேரம் திறந்தது, டிசிபியில் போன நேரம் தடைபட்டது, அவ்வளவுதான். உங்கள் லேப் பயர்பாக்ஸ் பழைய பதிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன், புதிய பயர்பாக்ஸும் குவிக்கில் போகும்.

பாலிசி 4-க்கு மேலே ஒரு டினை (தடுக்கும்) பாலிசி போடுங்கள்: லேப் சோனில் இருந்து வெளியே, சர்வீஸ் யூடிபி 443. அல்லது அப்ளிகேஷன் கன்ட்ரோலில் குவிக்கை பிளாக் செய்து பாலிசி 4-ல் மாட்டுங்கள். லேபுக்கு எனக்குப் பிடித்தது முதல் வழி, லாகில் தனியாகத் தெரியும். மாற்றிய பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறந்துவிட்டு சோதியுங்கள்.

நத்தம் ரோடு:

என்பிடெல் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். திருமங்கலம் அண்ணன் சொன்னபடி எல்லாம் செய்தால் மாடியிலும் என்பிடெல் நின்றுவிடும், அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை உங்கள் அறை வாசலில் கூட்டம் நிற்கும்.

என்பிடெல் தளம் உங்கள் ஃபயர்வாலில் தடைபடவே இல்லை. பாட வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன, பக்கத்துக்குள் பதித்திருக்கிறார்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைப் பாருங்கள், எந்த முகவரி தோற்கிறது என்று நேராகத் தெரியும். யூடியூப் டாட் காம், கூகுள்வீடியோ டாட் காம் என்று வரும்.

நீங்கள் போட்ட 'அலவ்' பற்றி ஒரு வார்த்தை, இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். யூஆர்எல் ஃபில்டரில் அலவ் என்றால் 'இந்தக் கட்டத்தில் தடையில்லை, அடுத்த சோதனைக்குப் போ' என்று அர்த்தம். அடுத்து கேட்டகரி சோதனை வரும், அங்கே பிளாக் ஆகலாம். எக்ஸெம்ப்ட் என்றால் மீதிச் சோதனை எதுவும் வேண்டாம், ஆன்டிவைரஸ் உட்பட. அதனால் எக்ஸெம்ப்டை யோசித்துத்தான் போட வேண்டும்.

யூடியூபில் என்பிடெல் மட்டும் வேண்டும், சினிமாப் பாட்டு வேண்டாம் என்பதற்கு சர்டிஃபிகேட் இன்ஸ்பெக்‌ஷன் போதாது. எந்த சர்வர் என்ற பெயர் வரைக்கும்தான் அதற்குத் தெரியும், அந்த சர்வரில் எந்த வீடியோ என்று தெரியாது. சேனல் வாரியாகப் பிரிக்க வீடியோ ஃபில்டர் இருக்கிறது, அதற்கு டீப் இன்ஸ்பெக்‌ஷன் வேண்டும், பாலிசி ப்ராக்ஸி மோடில் (ஃபயர்வால் நடுவில் நின்று வாங்கிச் சோதித்துக் கொடுக்கும் முறை) இருக்க வேண்டும். டீப் இன்ஸ்பெக்‌ஷன் போட்டால் ஃபயர்வாலின் சிஏ சர்டிஃபிகேட்டை (பிரவுசர் ஃபயர்வாலை நம்புவதற்கான சான்று) 60 சிஸ்டத்திலும் ஏற்ற வேண்டும். விண்டோஸ் டொமைன் என்றால் குரூப் பாலிசியில் ஒரே நாளில் முடியும், பயர்பாக்ஸ் தனக்கென்று தனி சர்டிஃபிகேட் கிடங்கு வைத்திருக்கிறது, அதையும் கவனியுங்கள். பேங்க், மருத்துவத் தளங்களைக் கண்டிப்பாக விலக்கி வையுங்கள். லேப் வாசலில் 'இங்கே இணையப் பயன்பாடு சோதிக்கப்படுகிறது' என்று எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. ஹாஸ்டல் வைஃபையில் இதை முயற்சிக்கவே வேண்டாம். அது அவர்களுடைய சொந்த போன். தவிர, ஆண்ட்ராய்டு 7-லிருந்து, பயனர் ஏற்றிய சர்டிஃபிகேட்டைப் பெரும்பாலான ஆப்கள் ஏற்பதில்லை.

பாடம் நடத்துபவர்:

நான் நெட்வொர்க் ஆள் இல்லை, கணினி அறிவியல் ஆசிரியை. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வகுப்பில் கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்து ஊர்களில் இருந்து வருகிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சாயங்காலம் பஸ் வருகிற வரைக்கும் லேபில் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர்களுக்கு. என்பிடெலில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, கெடு தாண்டினால் அந்த மதிப்பெண் போனது போனதுதான். ஆகவே டீப் இன்ஸ்பெக்‌ஷன் தயாராகும் வரைக்கும் அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

நாங்கள் செய்தது: என்பிடெல் தளத்தில் பல பாடங்களுக்கு வீடியோவை டவுன்லோட் செய்கிற வசதி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எடுத்திருந்த பாடங்களை இரவில் இறக்கி, லேபில் சும்மா கிடந்த ஒரு பழைய சிஸ்டத்தில் போட்டு, எல்லோருக்கும் ஷேர் செய்தோம். 40 பேர் ஒரே பாடத்தைப் பார்த்தாலும் வெளி லைனில் பாரம் இல்லை, தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடாது. அசைன்மென்ட் எழுத மட்டும் தளத்துக்குப் போனால் போதும், அது உங்களிடம் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

யானைமலை அடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை உட்கார்ந்து செய்துவிட்டேன், நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் கான்ஃபிக் பேக்அப் எடுத்தேன். டீச்சர் சொன்ன வழியில் நான்கு பாடங்களின் வீடியோவை வெள்ளி இரவே இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பாலிசியில் கை வைத்தேன். அட்ரஸ் குரூப் மாற்றியதும் மாடி சிஸ்டம் எல்லாம் பாலிசி 4-க்கு வந்துவிட்டன. பாலிசி 12-ல் லேப் சோனை எடுத்ததும் மாடியில் இருந்த பிரின்டர் சர்வர் ஒன்று இணையம் இல்லாமல் நின்றது, அது 10.10.22 வரிசையில் யாரோ கையால் ஐபி போட்டு வைத்தது. திருமங்கலம் அண்ணன் சொன்ன மாதிரியே உடனே தெரிந்துவிட்டது.

யூடிபி 443 டினை போட்டபின் குரோமிலும் பிளாக் ஆகிறது. ஆனால் பிளாக் பக்கம் வராமல் சர்டிஃபிகேட் எச்சரிக்கை வருகிறது. 'நெட் போச்சு' என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். இதற்கு என்ன செய்வது?

நத்தம் ரோடு:

அது அப்படித்தான் வரும். எச்டிடிபிஎஸ் தளத்தைத் தடுத்து அதன் இடத்தில் பிளாக் பக்கத்தைக் காட்ட, ஃபயர்வால் தன் சொந்த சர்டிஃபிகேட்டைக் கொடுக்கிறது, பிரவுசருக்கு அது யாரென்று தெரியாது. டீப் இன்ஸ்பெக்‌ஷன் போடாவிட்டாலும் சரி, அந்த சிஏ சர்டிஃபிகேட்டை லேப் சிஸ்டங்களில் ஏற்றிவிடுங்கள், பிளாக் பக்கம் ஒழுங்காகத் தெரியும். அந்தப் பக்கத்தின் வாசகத்தையும் மாற்றலாம். 'இந்தத் தளம் லேபில் அனுமதி இல்லை, பாடத்துக்குத் தேவை என்றால் சிஸ்டம் அறையில் சொல்லவும்' என்று தமிழிலேயே எழுதி வையுங்கள்.

யானைமலை அடிவாரம்:

திங்கள் காலை முதல் வேலை அதுதான் அண்ணே. அதோடு வீடியோ இருக்கிற ஷேரின் முகவரியையும் அந்தப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.