சீட்ஸ், பியர்ஸ், ரேஷியோ: நடுப்பட்டியலுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்து இறக்க உதவும் கியூபிட்டோரன்ட் நிரலின் முதன்மைச் சாளரத் தமிழாக்கம் பற்றி வந்த மடல்கள் அத்தனையையும் நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பட்டிகள் முடிந்தன, கருவிப்பட்டை முடிந்தது. நடுப்பட்டியலின் தலைப்பு வரிசையில் வந்து எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

> சீட்ஸ், பியர்ஸ் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். மூல நிரலிலேயே "பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படுவதில்லை" என்று குறிப்பு இருக்கிறதே.

குறிப்பு இருப்பது உண்மை. அதன் முன்பாதியையும் சேர்த்துப் படியுங்கள். சீட்ஸ் பக்கத்தில் "முழு மூலங்கள்" என்றும், பியர்ஸ் பக்கத்தில் "பகுதி மூலங்கள்" என்றும் எழுதியிருக்கிறார்கள். நிரலை எழுதியவர்களே பொருளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாம்தான் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

அப்படியே விடுவதில் இன்னொரு வம்பும் உண்டு. தமிழில் "சீட்ஸ்" என்று எழுதினால் விதையா, இருக்கையா? நமக்கு ட் ஒன்றுதான். பேருந்தில் சீட், மருத்துவக் கல்லூரியில் சீட், தேர்தலில் சீட். "சீட்ஸ் 5 (23)" என்று பார்க்கிறவர் 23 இடத்தில் 5 காலி என்று நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சாளரத்தை ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுகிறேன். இடப்பக்கம் வடிகட்டிகள்: எல்லாம், இறங்குபவை, முடிந்தவை, தேங்கியவை, பிழையானவை என்று கீழே போகும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணிக்கை. நடுவில் டோரன்ட்களின், அதாவது நாம் இப்படிப் பகிர்ந்து இறக்குகிற கோப்புகளின், பட்டியல், ஒரு டோரன்ட்டுக்கு ஒரு வரி. அதில் ஒன்றைச் சொடுக்கினால் கீழ்ப்பலகத்தில் பொது, டிராக்கர்கள் (யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சேவையகங்கள்), பியர்ஸ், உள்ளடக்கம் என்று தத்தல்கள் (டேப்கள்) திறக்கும். அடியில் நிலைப்பட்டை. வலப்பக்க மூலையில் இறங்கு வேகம், ஏறு வேகம்.

நம் சண்டையெல்லாம் நடுப்பட்டியலில் மூன்று நெடுவரிசைகளுக்கும், இடப்பக்கம் ஒரு வடிகட்டிக்கும்தான்.

முதலில் சீட்ஸ். டெபியன் இயங்குதளத்தை நிறுவுவதற்கான வட்டுப்படம் ஒன்றை இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். "5 (23)" என்று காட்டினால், முழுக் கோப்பையும் வைத்திருக்கிற 23 கணினிகள் வெளியே இருக்கின்றன, அவற்றில் 5 இப்போது உங்களோடு இணைந்திருக்கின்றன என்று பொருள். பக்கத்து நெடுவரிசை பியர்ஸ். அங்கே வருவது இன்னும் அரைகுறையாக வைத்திருப்பவர்களின் கணக்கு.

> விதைகள் என்பதே போதும். ஆங்கிலத்திலும் அதே உருவகம்தானே?

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். விதை நல்ல சொல். பெயராக நிற்கும்வரை தொந்தரவில்லை. அதே சொல் இடப்பக்க வடிகட்டியில் வினையாக வந்து நிற்கும்போதுதான் கோணுகிறது. "விதைக்கிறது (3)". எது விதைக்கிறது, எதை, எந்த வயலில்? விதைத்தவனுக்கு அறுவடை வரும். இங்கே கோப்பு முழுதாக இறங்கிவிட்டது, இனிமேல் நமக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை, ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். தமிழில் அதற்குப் பெயர் கொடுப்பது. "கொடுக்கிறது (3)" என்று போட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

உருவகத்தைப் பிடித்துக்கொண்டு போய் நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு கோப்புப்பகிர்வு நிரலுக்கு நான் செய்த தமிழாக்கத்தில் லீச்சர்ஸ் (கொடுக்காமல் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள்) என்பதை "அட்டைகள்" என்று போட்டேன். மழைக்காட்டு அட்டை, ரத்தம் உறிஞ்சும் அட்டை, ஆகா என்று நானே மெச்சிக்கொண்டேன். பத்து நாளில் ஒருவர் மடல் எழுதினார்: "அட்டைகள் 14 என்கிறது ஐயா, எந்த அட்டையைச் செருக வேண்டும்?" அன்றைக்கு விட்டேன் உருவகத்தை.

ஆகவே என் பரிந்துரை: சீட்ஸ் நெடுவரிசைக்கு முழுநகல், பியர்ஸ் நெடுவரிசைக்குப் பகுதிநகல். இடம் போதாவிட்டால் "முழு", "பகுதி" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பியர்ஸ் என்ற அதே ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் வருகிறது. நடுப்பட்டியலில் அரைகுறையாக வைத்திருப்பவர்களை மட்டும் குறிக்கிறது. கீழ்ப்பலகத் தத்தலிலோ நம்மோடு இணைந்த அத்தனை பேரும் வருகிறார்கள், முழுதாக வைத்திருப்பவர்களும் சேர்த்தி. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக மொழிபெயர்ப்புக் கருவி மேலே போட்டதையே கீழேயும் நீட்டும். ஏற்றுக்கொண்டால் "பகுதிநகல்" தத்தலுக்குள் 100% காட்டுகிற ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தத்தலுக்குத் தனிச்சொல் வேண்டும். நான் பங்காளிகள் என்கிறேன். சிரிக்கலாம், ஆனால் பங்கு கொள்பவன் பங்காளி, சொல்லில் என்ன குறை?

கடைசியாக ரேஷியோ. இதற்குத்தான் இவ்வளவு நீட்டினேன். ஏற்றியதை இறக்கியதால் வகுத்தால் வருவது. 1.00 என்றால் வாங்கிய அளவுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, 0.35 என்றால் இன்னும் கடன். எங்கள் பேராவூரணிப் பக்கம் பிறந்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரே சொல்தான் நாக்கில் வரும்: மொய்.

ஆடி பிறந்தால் இங்கே மொய் விருந்து. ஒரு பந்தல், ஆட்டுக்கறிச் சாப்பாடு, சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுவார்கள். அவர் நமக்கு முன்பு எவ்வளவு செய்தார் என்று நோட்டில் இருக்கும், அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதுசாகச் சேர்த்துப் போட வேண்டும். இப்போதெல்லாம் நோட்டுக்குப் பதில் மடிக்கணினி, ரசீது அச்சாகி வருகிறது. தனியொருவர் முழுப்பணத்தையும் தருவதில்லை. பந்தலை விட்டு எழுந்து போகும்போது ஒரு வீடு கட்டுகிற தொகை சேர்ந்திருக்கும்.

2001-இல் பிராம் கோஹன் இந்தப் பகிர்வு முறையான பிட்டோரன்ட்டை வெளியிட்டபோது செய்ததும் அச்சு அசல் இதுதான். கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கினார். எனக்குத் துண்டு கொடுக்கிறவனுக்கு நான் துண்டு கொடுப்பேன். 10 விநாடிக்கு ஒருமுறை யார் நன்றாகக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு வாசல் திறப்பேன். அதோடு 30 விநாடிக்கு ஒருமுறை, இதுவரை ஒன்றும் தராத யாரோ ஒருவருக்கும் திறந்து பார்ப்பேன். இதில் முன்னது பழைய மொய், பின்னது புது மொய்.

இதே பட்டியலில் கிடைக்குநிலை என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, அதையும் பாருங்கள். முழுநகல் 0 என்று காட்டும். ஆனால் கிடைக்குநிலை 1.2 இருந்தால் கோப்பு முழுதாக இறங்கிவிடும். ஒருவரிடமும் முழுசு இல்லை, எல்லோரிடமும் உள்ளதைக் கூட்டினால் முழுசு வந்து மேலே கொஞ்சம் மிஞ்சும். மொய் இல்லாமல் இது வேறென்ன?

மொய்த்தல் என்றால் நெருங்கிக் கூடுதல் என்பதும் கூட வருகிறது. மொய்குழல் என்கிறோமே. ஒரு சொல்லில் இரண்டு மாங்காய்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

----

மறுமொழி, ரொறன்ரோவிலிருந்து

வணக்கம் அண்ணை. மடலை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாந்தரம் மொய் விருந்துக்காக மட்டும்.

முழுநகல், பகுதிநகல் இரண்டுக்கும் என் முழு ஆதரவு. பங்காளிக்கும் தான். உங்கட பக்கம் பங்காளி எண்டால் வரப்புச் சண்டை ஞாபகம் வருமெண்டு நினைக்கிறன். எங்களுக்கு அப்பிடி இல்லை, கூட்டணி அரசாங்கத்தில இருக்கிற கட்சிகளைப் பேப்பர்க்காரர் பங்காளிக் கட்சி எண்டுதான் எழுதுவினம். ஆகவே எங்களுக்கு அது கோட் சூட் போட்ட சொல்.

மொய் மட்டும் சரிவராது. மூன்று காரணம், ஆனால் முதலாவதே போதுமெண்டு நினைக்கிறன். மொய் தெரிஞ்ச ஆளுக்கும் தெரிஞ்ச ஆளுக்கும் இடையில நடக்கிறது. எனக்குத் தந்தவருக்கே நான் திருப்ப வேணும். இங்க நான் பத்துப் பேரிட்ட வாங்கி, முன்பின் தெரியாத வேற இருபது பேருக்குக் கொடுக்கிறன். துண்டுக்குத் துண்டு மாற்றுகிற நேரத்தில உங்கட கணக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறன். ஆனால் ரேஷியோ எண்ட நெடுவரிசை அந்தக் கணக்கைக் காட்டேல்ல. அது மொத்தம் ஏத்தினது, மொத்தம் இறக்கினது, யாருக்கு எண்டு அதில இல்லை. அதோட, மொய்யைத் திருப்பாவிட்டால் ஊர் கதைக்கும். 0.35-இல் நிரலை மூடிவிட்டுப் போனால், பொது டிராக்கரில ஆரும் வந்து கேட்கப் போவதில்லை.

மற்றது, இந்த இழையில எல்லாரும் பதிவிறக்கம் எண்டு எழுதுகிறீர்கள். தரவிறக்கம் எண்டு எழுதுகிற நாங்களும் இந்த நிரலைப் பாவிக்கிறம். நீங்கள் "இறங்குபவை" எண்டு போட்டதால வடிகட்டியில அந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்து போச்சு. தெரிஞ்சு செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, நன்றி.

----

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து

வணக்கம் அண்ணா. பேசிக்கொண்டே இருப்பதற்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று, நீங்கள் சொன்ன சொற்களை மொழிக்கோப்பில் ஏற்றித் தொகுத்து ஓட்டிப் பார்த்தேன்.

இடப்பக்க வடிகட்டியில் முன்பு "பதிவிறக்கப்படுகின்றன" என்று இருந்தது. பலகத்தை இழுத்து அகலமாக்காவிட்டால் "பதிவிறக்கப்ப…" என்று வெட்டுப்பட்டது, முக்கியமான எண்ணிக்கையே தெரியவில்லை. "இறங்குபவை (2)" முழுதாகத் தெரிகிறது. ஆனால் அதற்குக் கீழே "கொடுக்கிறது (3)" என்று வந்தால் ஒன்று பன்மை, ஒன்று ஒருமை. "கொடுப்பவை (3)" என்று மாற்றிவிட்டேன். இறங்குபவை, கொடுப்பவை, முடிந்தவை, தேங்கியவை எல்லாம் ஒரே வாலோடு வரிசையாக நிற்கின்றன.

"முழுநகல்", "பகுதிநகல்" இரண்டும் நெடுவரிசைத் தலைப்பில் கொஞ்சம் இடிக்கின்றன. தலைப்பில் "முழு", "பகுதி" மட்டும் வைத்து, கீழே பொதுத் தத்தலில் முழுச்சொல்லை வைத்தேன். நன்றாக இருக்கிறது.

மொய் கதை வேறு. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். "மொய் 0.35" என்பதைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு விசேஷம்? முப்பத்தஞ்சு காசா எழுதுனாங்க?" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினேன்: இவ்வளவு வாங்கினோம், இவ்வளவு கொடுத்தோம், அதன் கணக்கு இது என்று. "அப்போ கொடுக்கல் வாங்கல்னு எழுத வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கொடுக்கல் வாங்கல் நெடுவரிசையில் அடங்காது. "கொ/வா" என்று போட்டேன். சுட்டியை மேலே கொண்டுபோனால் "கொடுத்தது ÷ வாங்கியது" என்று குறிப்பு வரும். நடுவில் இருக்கிற சாய்கோடே வகுத்தலைச் சொல்லிவிடுகிறது. சரியா அண்ணா?

----

மறுமொழி, பேராவூரணி

தம்பி, சரி. அம்மாவிடம் சொல்லுங்கள், இந்தக் குழுவில் வருஷக்கணக்காக உட்கார்ந்து சொல் செய்கிற எங்களைக் காப்பி டம்ளரோடு வந்து தாண்டிப் போய்விட்டார்கள் என்று.

ரொறன்ரோ நண்பர் சொன்னதற்கும் மறுப்பில்லை. ரேஷியோ காட்டுவது மொத்தக் கணக்கை, நான் சொன்னது ஆளுக்கு ஆள் நடப்பதை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது என் ஆசை. இறங்குபவை என்று போட்டது தரவிறக்கச் சண்டையை நினைத்து அல்ல, பலகத்தின் அகலத்தை நினைத்துத்தான். இருந்தாலும் நன்றியை வைத்துக்கொள்கிறேன்.

"கொ/வா" நிற்கட்டும். சுருக்கெழுத்தைத் தலைப்பாக வைக்கலாமா என்று பேராசிரியர் ஐயா கேட்பார். கி.மீ., ரூ., கி.பி. எல்லாம் அப்படி வந்தவைதான் ஐயா. பிடிக்காவிட்டால் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே 2024-இல் வந்த 5.0 பதிப்பில் "இடைநிறுத்து" போய் "நிறுத்து" வந்துவிட்டது. மூலத்துக்காரர்கள் மாற்றலாம், நாம் மாற்றக்கூடாதா?

தம்பியின் "கொடுப்பவை" என்னுடையதைவிட மேல், அதையே ஏற்றிவிடுங்கள். கருவி பியர்ஸ் தத்தலுக்கு "பகுதிநகல்" என்று நீட்டினால் தட்டிவிட்டு, பங்காளிகள் என்று கையால் எழுதுங்கள். வரப்புச் சண்டை வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிச்சமிருப்பது "தேங்கியவை". ஏறும்போது தேங்கியது, இறங்கும்போது தேங்கியது என்று அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கேட்க ஆளில்லாமல் நாம் சும்மா இருக்கிறோம், இரண்டாம் வகையில் கொடுக்க ஆளில்லாமல் தவிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு உறுத்துகிறது. யாராவது தொடங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை என்னால் எழுத முடியாது, சித்தப்பா வீட்டு விருந்தில் என்னை மேசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.