புதுப்பிப்பு: ஜெக்கில் தீவில் கோல்ஃப் ஆடியாச்சு

கிளப் உறுப்பினரா இல்லாம அமெரிக்காவில் கோல்ஃப் ஆட முடியுமான்னு மாயவரத்திலிருந்து கிளம்பும் முன்னாடி இங்கே கேட்டிருந்தேன். தாராளமா முடியும். ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவு ஒரு காலத்தில் ராக்ஃபெல்லர், மார்கன் மாதிரி பெரும் பணக்காரக் குடும்பங்களின் தனிக் கிளப். 1947 முதல் மாநில அரசுக்குச் சொந்தம். காசு கட்டினா யாரும் ஆடலாம்.

காத்துதான் படுத்துது. நேரா அடிச்ச பந்து வளைஞ்சு மணல் பள்ளத்துல போய் உட்காருது. ஒண்ணு குளத்தோரம் உருண்டுச்சு. எடுக்கக் குனிஞ்சா, "அத்தான், விடுங்க, முதலை கிடக்கும்!"னு மச்சினன் கத்துறான். அணைக்கரையில கொள்ளிடத்து முதலைக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். மறுபேச்சில்லாம வேற பந்து எடுத்துட்டேன்.

போறவங்க கவனத்துக்கு: தீவுக்குள்ள நுழைய காருக்குத் தனிக் கட்டணம் உண்டு. மாசி, பங்குனியில போங்க. கோடைன்னா புழுக்கமும் கொசுவும் ஆட விடாது.