தாத்தாவின் தந்தைக்கு முந்தைய தலைமுறைகளை எந்த ஆவணத்தில் தேடுவது?

கேள்வி: வெட்டாற்றங்கரையான்

எங்கள் பூர்வீகம் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா, இன்றைய திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று. தாத்தா 1921இல் பிறந்தவர். அவருடைய தந்தையின் பெயர் வரை தெரியும். அதற்கு மேல் சொல்ல வீட்டில் மூத்தவர்கள் இல்லை. தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேட்டுப் போனபோது அந்த ஆண்டின் ஏடே இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு எந்த ஆவணத்தில் தேடலாம்?

பதில்: ஆவண எழுத்தர்

பிறப்புப் பதிவு கிடைத்திருந்தாலும் பெரிதாக உதவியிராது. கிராம முன்சீப் எழுதிய பழைய ஏடுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இராது. தகப்பன் பெயரும், ஆணா பெண்ணா என்ற குறிப்பும்தான் இருக்கும். நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரை ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஜாதி, ஜீவனம் சகிதம் குறிப்பது வழக்கம். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டால், அண்ணன் தம்பிகள், இறந்துபோன சகோதரனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாக நின்ற தாய் என்று ஒரு தலைமுறையே வரிசையாக வந்து நிற்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் ஏறும். முதலாவதற்குப் பெயர்வாரியாக ஒன்றும் சொத்துவாரியாக ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் உண்டு. அந்தப் புத்தகத்தையும் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று மிகப் பழைய ஆண்டுகளுக்குப் போகாது என்பதால், அவற்றுக்கு நேரில் மனுக் கொடுக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நில ஆவணப் புதுப்பிப்புப் பணியில் உட்பிரிவு எண்கள் பல மாறின. ஆகவே முதலில் பழைய சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதற்குரிய செட்டில்மெண்ட் பதிவேடுகளின் (நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதியவை) நகலை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதில்: டர்பன் பேத்தி

மேலே சொன்னதெல்லாம் நிலம் இருந்தவர்களுக்கு. பண்ணையாட்களாக இருந்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறியிராது. ஆனால் ஊரில் ஒரு வரி கூட எழுதப்படாத அதே மனிதர், ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியிருந்தால், அந்தப் பட்டியலில் அவர் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை பதிந்திருக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஏறத்தாழ 1,52,000 பேருக்கும் தனித்தனி எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. என் கொள்ளுத்தாத்தாவின் ஊரை நான் அறிந்தது அப்படித்தான். ஊர்ப்பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால், வாய்விட்டுப் பலமுறை படித்த பிறகே பிடிபட்டது. உங்கள் குடும்பத்தில் ‘கடல் கடந்து போனவர், திரும்பவில்லை’ என்று யாரைப் பற்றியாவது பேச்சு உண்டா?

வெட்டாற்றங்கரையான்

நன்றி, அம்மா. அப்படி ஒரு பேச்சு கேள்விப்பட்டதில்லை. அரை ஏக்கர் நஞ்சை இருந்தது. அதன் பழைய பத்திரம் ஒன்றும் பெரியப்பா வீட்டில் உள்ளது. அதில் ‘இராமசாமி குமாரர் முத்துசாமி’ என்றிருக்கிறது. எங்கள் தாத்தாவும் முத்துசாமிதான், அவர் தந்தையும் இராமசாமிதான். ஆனால் பத்திரம் 1904ஆம் ஆண்டினது என்பதால் குழம்பிப் போனேன்.

பதில்: ஆவண எழுத்தர்

குழப்பமே இல்லை; நீங்கள் தேடியவர் உங்கள் கையிலுள்ள பத்திரத்திலேயே இருக்கிறார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வருகின்றன. 1904இல் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் உங்கள் தாத்தாவின் தாத்தாவாகவும், அவருக்கு மேலுள்ள இராமசாமி அடுத்த தலைமுறையாகவும் இருப்பார்கள். ஒரே பெயர் கொண்ட பங்காளிகளும் இருந்திருக்கலாம் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் அரை ஏக்கரின் நான்கெல்லையையும் சர்வே எண்ணையும் பிந்திய பத்திரங்களுடன் ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.