தனியாகப் படிப்பவருக்குப் படித்தது ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குச் சென்றுகொண்டே புள்ளியியலைத் தனியாகப் படித்து வருகிறேன். ஒரு பாடநூலும் அதற்கு இணையான காணொளி விரிவுரைகளும் கைவசம் உள்ளன. விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் தெளிவாகவே விளங்குகிறது. நூலில் முக்கியமான வரிகளுக்கு வண்ணக்கோடு இடுகிறேன், குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்கிறேன். ஆனால் சில வாரங்கள் கழித்து அலுவலகத் தரவு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தப் புள்ளியியல் சோதனையைக் கையாள வேண்டும் என்பதே புலப்படுவதில்லை. குறிப்பேட்டைத் திறந்தால் ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றுகிறது. மூடினால் ஒன்றும் வருவதில்லை. இது வயதால் வந்த மறதியா, படிக்கும் முறையில் உள்ள கோளாறா? நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி 1

வயதின் மேல் பழியைப் போட வேண்டாம். நீங்கள் விவரிக்கும் நிலை கல்லூரி மாணவர்களிடமும் அப்படியே காணப்படுவதுதான். பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒரு திறன், பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது இன்னொரு திறன். நீங்கள் பழகி வருவது முதலாவதை, அலுவலகத்தில் தேவைப்படுவது இரண்டாவது.

ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணையும் படித்தார்கள்; வேறொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்து, மீதி மூன்று தவணைகளிலும் அதைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலை தலைகீழாகி, 40க்கு 61 என்று ஆனது. இதில் கவனிக்க வேண்டியது, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்த பிரிவினர்தான். படிக்கும் நேரத்தில் கிடைக்கும் ‘விளங்கிவிட்டது’ என்ற நிறைவை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் சுகமாக இருக்காது. திட்ட விலக்கத்தை (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவை) படித்த மறுநாள், நூலைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் அதை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காண்பது, அந்த விலக்கங்களை வர்க்கமாக்குவது, அவற்றைக் கூட்டுவது என்பது வரை கை தடையின்றி ஓடும். வகுக்கும் இடத்தில் நின்றுவிடும்: மதிப்புகளின் எண்ணிக்கையாலா, அதில் ஒன்றைக் குறைத்தா? குறைத்துத்தான் என்று நினைவுக்கு வந்தாலும், ஏன் குறைக்க வேண்டும்? அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் பிறகு நூலைத் திறங்கள். மாதிரியில் (நாம் எடுத்துப் பார்க்கும் சிறு பகுதியில்) உள்ள மதிப்புகள் முழுமைத் தொகுதியின் (அது எடுக்கப்பட்ட மொத்தத்தின்) சராசரியைவிடத் தம் சொந்தச் சராசரியைச் சுற்றியே நெருக்கமாக அமைகின்றன, ஆகவே வெறும் எண்ணிக்கையால் வகுத்தால் பரவல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்ற விளக்கம் முன்பும் உங்கள் கண்ணில் பட்டதுதான். தேடிக்கொண்டு போய்ப் படிக்கும்போதுதான் அது உள்ளே இறங்கும்.

அதே தாள் வேலையைச் சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும் செய்யுங்கள். ஒரே மாலையில் மூன்று முறை செய்வதில் பெரிய பயன் இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடே, ஆனால் அது கேள்வியின் பாதிக்குத்தான் விடை. ‘எந்தச் சோதனை என்றே புலப்படவில்லை’ என்பது மறதி அன்று. வகை பிரித்தறியும் பயிற்சி இல்லாமை. பாடநூலின் அமைப்பே இதற்குக் காரணம். அத்தியாயத்தின் தலைப்பே வழிமுறையைச் சொல்லிவிடுகிறது, அதன் கீழ் உள்ள இருபது கணக்குகளும் அந்த ஒரே வழிமுறைக்கானவை; ஆக, தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை படிப்பவருக்கு வருவதே இல்லை. அலுவலகத் தரவு தலைப்போடு வருவதில்லை.

ரோரர், டெய்லர் என்னும் ஆய்வாளர்கள் 2007இல் கன அளவு காணும் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், எல்லா வகைகளையும் கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. எனவே முடித்த அத்தியாயங்களிலிருந்து கணக்குகளைத் தலைப்பில்லாமல் சிறு அட்டைகளில் எழுதிக் கலைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்து, எந்த வழிமுறை, ஏன் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள், கணக்கிட வேண்டியதில்லை. அட்டைக்கு இரண்டு நிமிடம் போதும்.

நினைவட்டைச் செயலிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘பி மதிப்பு என்றால் என்ன?’ என்று அட்டையில் கேட்டால் வரையறை மனப்பாடமாகும், அவ்வளவுதான். மாறாக, ‘பி மதிப்பு 0.03, எனவே இன்மை எடுகோள் (வேறுபாடு ஏதும் இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பே உண்டு என்கிறது ஓர் அறிக்கை; பிழை எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்மை எடுகோள் உண்மை என்று கொண்டுதான், அப்போது இவ்வளவோ இதைவிடவோ பெரிய வேறுபாடு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று அந்த மதிப்பே கணிக்கப்படுகிறது என்பது புரிந்தவருக்கே விடை வரும்.

முற்றிலும் புதிய பகுதிக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அங்கே தீர்த்துக் காட்டிய கணக்குகளை வரிவரியாகப் படிப்பதே சிறந்தது. அடிப்படை இல்லாமல் முட்டி மோதுவது நேரத்தைத்தான் தின்னும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். இருக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? ஆசிரியர் இல்லாத நிலையில் நான் எழுதியது சரிதானா என்று யார் சொல்வது? நூலின் பின்பக்கத்தில் பாதிக் கணக்குகளுக்குத்தான் விடை இருக்கிறது.

மறுமொழி 3

நேரத்தைப் பற்றி: முதல் இருபது நிமிடத்தைப் பழைய பகுதிக்குக் கொடுங்கள், அதாவது வெள்ளைத் தாளும் கலைத்த அட்டைகளும். இதைக் கடைசிக்கு வைத்தால் நடக்காது, ஏனெனில் புதிய விரிவுரை எப்போதும் கூடுதலாகக் கவர்ந்திழுக்கும். அதன் பிறகே புதியது. விரிவுரைகளின் வேகம் பாதியாகக் குறையும், அதற்காக வருந்தாதீர்கள். வண்ணக்கோட்டை விட்டுவிடலாம், உளவியலாளர் டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது அதைப் பயன் குறைந்தவற்றில்தான் சேர்த்தார்கள்.

சரிபார்ப்பதைப் பற்றி: விடை ஏற்கெனவே தெரிந்த தரவை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல் பயன்படுத்திய ஐரிஸ் மலர்த் தரவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். மூன்று இனங்கள், இனத்துக்கு ஐம்பது மலர்கள். செட்டோசா இனத்தின் புல்லிதழ் நீளச் சராசரி 5.006 சென்டிமீட்டர், வெர்சிகலருக்கு 5.936. இந்த எண்கள் உங்கள் தாளில் வந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சோதனையால் ஆராய்வது, மூன்று இனங்களையும் ஒன்றாக ஒப்பிட அதே சோதனை போதுமா என்று மேலே போகலாம். கையால் செய்ததை விரிதாளிலும் செய்து பார்த்து, வேறுபட்டால் காரணம் கண்டுபிடியுங்கள். சில விரிதாள்களில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு கட்டளைகள் இருக்கும். முதல் மறுமொழியில் வந்த ‘ஒன்றைக் குறைப்பது’ என்பதுதான் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு.

அதற்குப் பிறகும் தீராத ஐயங்களை இங்கே எழுதுங்கள். வெறும் கேள்வியாக இல்லாமல், எந்த வரி வரை வந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் சரியான இடத்திலிருந்து விளக்க எங்களுக்கு இயலும்.